திருப்பிச் சொல்

பரந்தனில், முல்லைத்தீவு வீதி திரும்பியதும் மூன்றாவது கடை.
தண்ணீர்ப் பம்ப், ரைஸ் குக்கர், பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கி,
வாய் இருந்தும் பேசாத எதுவும் என்னிடம் வரும்.
இது வாயில்லாமலே வந்தது.
ஆனையிறவில் பூநாரை எண்ண வந்த ஒருவர்
திருத்தத் தந்துவிட்டுக் காணாமல் போன பெட்டி.
விமானமும் கோபுரமும் கதைப்பது அதில் கேட்கும்.
நாம் கதைக்க பட்டன் இல்லை.

முதல் இரவில் அது "ஃபோர், ஃபோர்" என்றது.
போர் என்று கேட்டு
சூட்டுக்கோலைக் காலில் போட்டுக்கொண்டேன்.
நாலுதான். வெறும் இலக்கம்.

முந்தி எங்களுக்கு மேலே வண்டு சுற்றும்.
பார்க்கும். ஒரு சொல் சொல்லாது.
இப்போதைய வானம் ஓயாமல் கதைக்கிறது,
உயரம், காற்று, ஓடுபாதையில் ஈரம்.
ஒவ்வொன்றையும் விமானி திருப்பிச் சொல்கிறான்.
சொன்னது போதாது, கேட்டதும் போதாது,
கேட்டதைச் சொன்னவன் கேட்க வேண்டும்.

அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை.
ஓமந்தையில் மேசைக்கு அங்கால் இருந்தவர்
சிங்களத்தில் நீளமாய் ஏதோ சொல்ல,
மொழிபெயர்த்தவர் "விளங்கினதோ?" என்றார்.
"ஓம்" என்றேன்.
காதில் விழுந்தது என்கிற ஓம்.
தாளில் அது ஒப்புக்கொண்ட ஓமாய் ஏறியது.
பதினெட்டு மாதம்.

ஐப்பசி, மழை இருட்டு, புதன்கிழமை.
மேலே இரண்டு பேர்.
நாலு ஏழு ஒன்று. நாலு ஒன்று ஏழு.
ஒரே வகுப்பில் இரண்டு நிரோஜன் மாதிரி.
அப்பளம் பொரிகிற சத்தத்துக்குள் இருந்து கோபுரம் சொன்னது:
"நாலு ஒன்று ஏழு, ஐயாயிரம் அடிக்கு இறங்குக."
இருவரும் ஒன்றாய் அழுத்திவிட்டார்கள்.
ஒரு கீச்சு.
கீச்சுக்கு அடியில் எனக்குக் கேட்டவன் ஒருவன்தான்,
என் கூரைக்கு நேர் மேலே பறந்தவன்:
"ஐயாயிரம். நாலு ஏழு ஒன்று."
பிழையான ஆள்.
கோபுரத்தின் காதில் யார் விழுந்தானோ.
அது "சரி" என்றது.

"உனக்கில்லையடா, மற்றவனுக்கு!"
பெட்டியின் முகத்துக்கு நேரே கத்தினேன்.
போனை எடுத்தேன். நூற்றுப் பத்தொன்பது.
ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து.
இரண்டை அழுத்தினேன். சங்கீதம் வந்தது.
யாரிடம் என்ன சொல்வேன்?
பரந்தன் யோகரட்ணம், மின்சாரச் சாமான் திருத்துகிறவன்,
வானத்தில் ஒரு பிழை நடக்கிறது...
புனர்வாழ்வு முடித்தவன் வானத்தை ஒட்டுக்கேட்டான்
என்றுதான் எழுதுவார்கள்.
வைத்துவிட்டேன்.
வைத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

வெளியே ஓடினேன். மேகம்.
இரண்டு இரைச்சல்,
அல்லது ஒன்றும் அதன் எதிரொலியும்.
ஒரு நாய் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று
அதுவும் அண்ணாந்தது.

உள்ளே வந்தபோது ஒரு பெண் கதைத்துக்கொண்டிருந்தாள்,
களைத்த, கொஞ்சம் வெட்கப்பட்ட குரல்:
"மறுபடி சொல்லவும். அது எங்களுக்கா, அவர்களுக்கா?"

வெறும் இரைச்சல், ஒரு மூச்சு நீளம்.
பிறகு கோபுரம் ஒவ்வொரு இலக்கமாய்,
படியிறங்கப் பழகும் பிள்ளைக்கு எண்ணுவதுபோல.
நாலு ஏழு ஒன்று திரும்ப ஏறியது.
ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை.
நல்லிரவு சொன்னார்கள்.

பதினொரு மணிக்கு வீடு. கதவடியில் தவமலர் ஏதோ சொன்னாள்.
பம்ப், மூத்தவன், வெள்ளிக்கிழமை,
மூன்று சொல் பிடிபட்டது.
ஓம் நாக்குவரை வந்துவிட்டது.
"மறுபடி சொல்லும்" என்றேன்.
"காது அடைச்சுப்போச்சோ?"
முதலில் இருந்து சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அதில் இல்லவே இல்லை.